சமச்சீரும் அதன் முறிவும்: கம்பியில்லாத் தொடர்பில் ஒரு சொல்லின் மூன்று பொருள்கள்



கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிப் பொறியாளர் ஒருவர் பேசுவதே முறை. நாம் பொறியாளர் அல்லோம். மொழியியலில் வாழ்நாளைச் செலவிட்டோம். ஆயினும் இத்தலைப்பைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசித் தொடர்பைப் பற்றியும், அதனை அடுத்து வரவிருக்கும் ஆறாம் தலைமுறையைப் பற்றியும் பேசுவோர் 'சிமெட்ரி' என்னும் சொல்லையும் அதன் சுற்றத்துச் சொற்களையும் அடிக்கடி ஆள்கின்றனர். அவற்றைத் தமிழில் பெயர்க்க முனைவோர்க்குக் கைக்கு எட்டும் முதற்சொல் 'சமச்சீர்'. கணக்குப் பாடத்தில் வண்ணத்துப்பூச்சியின் நடுவே கோடு வரைந்து கற்ற சொல் அது. அந்த ஒரே சொல்லை எல்லா இடத்திலும் இட்டு நிரப்பினால் என்ன கெடும் என்பதே இன்றைய பேச்சின் உள்ளீடு.

நம் தமிழ்ப்பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியதையும், பின்னர் அவை தமிழுக்கு மீண்டதையும் கண்ட ஆசிரியர் பலர் இந்த அவையில் இருக்கின்றீர்கள். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்ற வினா அப்போது பலமுறை எழுந்தது. முடியும் என்பதே நம் விடை. ஆனால் கலைச்சொல் பிழைத்தால், அந்த விடையை நாமே பொய்யாக்கியவர் ஆவோம்.

முதலில் சொல்லின் பொருளை வரையறுப்போம். கணித அறிஞர் ஹெர்மன் வைல் 1952ஆம் ஆண்டு சமச்சீரைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். அவ்வழிச் சிந்தனையின் சாரம் எளியது: ஒரு பொருளுக்கு ஏதோ ஒன்றைச் செய்கிறோம், செய்த பின்னும் அது முன்போலவே தோன்றுகிறது, அப்பொருள் அச்செயலைப் பொறுத்துச் சமச்சீர் உடையது. சதுரத்தை 90 பாகை திருப்பலாம், வட்டத்தை எவ்வளவும் திருப்பலாம். 'விகடகவி' என்னும் சொல்லைக் கடைசியிலிருந்து படிக்கலாம். திருஞானசம்பந்தர் மாலைமாற்று என்னும் வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார்; அதன் பாடல்களை இறுதியிலிருந்து முதல்நோக்கிப் படித்தாலும் அதே பாடல்கள் வரும். ஆக, 'எந்தச் செயலைப் பொறுத்து' என்னும் வினாவுக்கு விடை சொல்லாமல் ஒன்றைச் சமச்சீர் என்பது அரைகுறைப் பேச்சு. இந்த வினாவை மாணவர் நெஞ்சில் பதிய வைத்துவிட்டால், பின்வருவன எல்லாம் எளிதாகும்.

சமச்சீரால் பயன் என்ன? சிக்கனம். பாதியைச் சொன்னால் மீதியைச் சொல்ல வேண்டுவதில்லை. நம் உயிரெழுத்துகளையே நோக்குங்கள். அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து குறிலைச் சொல்லி, 'ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடில் உண்டு' என்று ஒரு விதி கூறினால் பத்து எழுத்துகள் கிடைத்துவிடும். ஐயும் ஔவும் இணையின்றி நிற்கின்றன. அவற்றுக்காக இலக்கணிகள் தனி விதி வகுக்க வேண்டியதாயிற்று. அளபெடையில் ஐக்கு இகரத்தையும் ஔவுக்கு உகரத்தையும் இனமாகக் கொண்டனர். சமச்சீர் உள்ள இடத்தில் விதி சுருங்கும். அற்ற இடத்தில் விதி பெருகும்.

வானொலிப் பொறியாளர்கள் இச்சிக்கனத்தைத் தொடக்கக் காலத்திலேயே கண்டுகொண்டனர். பழைய மத்திய அலை ஒலிபரப்பில் குரலைச் சுமந்து செல்லும் அலையின் இருபுறமும் இரண்டு பக்கப்பட்டைகள் தோன்றும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் படிமம். முழு அளவில் ஏற்றப்பட்ட ஒற்றைச் சுரத்தை எடுத்துக்கொண்டால், ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு சுமக்கும் அலைக்கே போய்விடுகிறது. எஞ்சிய ஒரு பங்கை இரு பட்டைகளும் ஒரே செய்தியை இருமுறை சொல்லிச் செலவிடுகின்றன. சுமப்பலையை அடக்கி, ஒரு பட்டையை மட்டும் அனுப்பினால் போதும் என்னும் முறை அதனால் பிறந்தது. தொலைதூரக் கப்பல் வானொலியும் பொழுதுபோக்கு வானொலியாளரும் அதனையே கைக்கொண்டனர்.

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. 'விகடகவி' என்று ஒரு கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறது. அதை எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டு போகும் ஒருவர் இடமிருந்து வலமாகப் போகிறாரா, வலமிருந்து இடமாகப் போகிறாரா என்பதை அவர் சொல்லும் எழுத்துகளைக் கேட்டு மட்டும் கண்டுபிடிக்க இயலாது. எதை மாற்றினாலும் மாறாத ஒன்று, மாறியதா என்பதையும் நமக்குச் சொல்லாது. கம்பியில்லாத் தொடர்பில் சமச்சீர் வகிக்கும் பங்கு முழுவதும் இந்தச் சிக்கனத்துக்கும் இந்த மயக்கத்துக்கும் இடையே நடக்கும் பேரம் என்பது நம் கருத்து.

இதற்கு நேரான சான்று நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நான்காம் தலைமுறைக் கைப்பேசி ஒன்றை இயக்கியதும் அது முதலில் தேடுவது அருகிலுள்ள கோபுரம் 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்பும் ஓர் அடையாளத் தொடரை. 62 உறுப்புகள் கொண்ட அத்தொடர், நம்புங்கள், ஒரு மாலைமாற்று. முதலிலிருந்தும் இறுதியிலிருந்தும் ஒன்றாகவே வரும். மொத்தம் மூன்று தொடர்கள் வகுக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு தமக்குள் கண்ணாடிப் படிமங்கள். இந்தச் சமச்சீரால் கைப்பேசி செய்ய வேண்டிய பெருக்கல் கணக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றன, மின்கலம் மிஞ்சுகிறது. ஆனால் அத்தொடருக்கு இன்னொரு மாறாத்தன்மையும் உண்டு. அலைவெண் சற்றே பிறழ்ந்தால், தொடர் நேரத்தில் சற்றே தள்ளி வந்ததுபோல் தோன்றும். எது பிறழ்ந்தது, நேரமா அலைவெண்ணா என்னும் ஐயம் எழும். ஐந்தாம் தலைமுறையை வகுத்தோர் அந்த மாலைமாற்றைக் கைவிட்டு, 127 உறுப்புள்ள வேறொரு வகைத் தொடரை எடுத்துக்கொண்டனர். மயக்கம் குறைந்தது. அழகு சற்றுக் குறைந்தது என்போம். பொறியாளர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

அடுத்து, செய்தி ஏறிச் செல்லும் வடிவம். அனுப்பும் அலையின் வீச்சையும் கட்டத்தையும் ஒரு தாளில் புள்ளியாகக் குறிக்கலாம். அனுப்பத்தக்க நிலைகள் அனைத்தையும் குறித்தால் வரிசைக்கு 16 புள்ளியாக 16 வரிசை, மொத்தம் 256 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் எட்டு இரும இலக்கங்களைச் சுமக்கும். ஆங்கிலத்தில் இதனை விண்மீன் கூட்டம் என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். விண்மீன்கள் இப்படி ஒழுங்காக நிற்பதை நாம் கண்டதில்லை. நம் வாசலில் அன்றாடம் காணும் புள்ளிக்கோலமே இதற்கு நெருங்கிய உவமை. ஆகவே நாம் இதனைப் புள்ளிக்கோலம் என்றே சொல்வோம். கோலம் இடுவோர் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரண்டு வகை சொல்வர். இடைப்புள்ளி முறையில் புள்ளிகளை நெருக்கமாக அடுக்கலாம். அதே இடைவெளிக்கு ஆற்றல் சற்றுக் குறைவாகச் செலவாகும். இருந்தும் பொறியாளர் நேர்ப்புள்ளியையே விரும்பினர். நேர்ப்புள்ளியில் கிடைவரிசை, நெடுவரிசை இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுவிடலாம் என்பதே காரணம்.

கோலம் நடுப்புள்ளியைச் சூழ்ந்து சமச்சீராக அமைவதால் சராசரி சுழியமாகிறது. செய்தி இல்லாத வெற்றலைக்கு ஆற்றல் போவதில்லை. இது ஆதாயம். இழப்பு என்ன? கோலத்தை 90 பாகை திருப்பிப் பாருங்கள். அதே கோலம்! காற்றில் வரும் அலையோ கோபுரத்திற்கும் கைப்பேசிக்கும் இடைப்பட்ட தொலைவால் எவ்வளவு திரும்பி வந்தது என்று முன்கூட்டித் தெரியாது. எல்லாப் புள்ளிகளும் தத்தம் இடத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் வேறொரு புள்ளியின் இடத்தில் நிற்கும். படிப்பது முழுவதும் பிழையாகும்.

இலக்கணம் கற்ற ஆசிரியர்க்கு இது புதிதன்று. 'புலி கொல் யானை' என்னும் பழைய எடுத்துக்காட்டை நினைவுகூர்க. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு தொக்கதால் கொன்றதும் கொல்லப்பட்டதும் இடம் மாறினாலும் தொடர் மாறவில்லை. தடுமாறு தொழிற்பெயர் என்று இதற்குப் பெயரிட்டனர். ஐ என்றோ ஆல் என்றோ ஓர் உருபை விரித்தவுடன் தடுமாற்றம் நீங்கும். கம்பியில்லாத் தொடர்பிலும் அதுவே வழி. இரு தரப்பும் முன்பே அறிந்த சில குறிகளைச் செய்திக்கு இடையிடையே செருகி அனுப்புகின்றனர். அவை எவ்வளவு திரும்பி வந்துள்ளன என்று பார்த்து, மற்றவற்றையும் அவ்வளவு திருப்பிக்கொள்கின்றனர். அக்குறிகள் புதிய செய்தி எதுவும் சொல்வதில்லை. உருபுகளைப் போலச் சமச்சீரை முறிப்பதே அவற்றின் தொழில். இவற்றை 'வழிகாட்டிக் குறிகள்' எனலாம்.

இனி இப்பேச்சின் நடுநாயகமான பகுதிக்கு வருவோம்.

உறவுப்பெயர்களில் இரண்டு இனம் உண்டு. நாம் ஒருவர்க்குச் சம்பந்தி என்றால் அவரும் நமக்குச் சம்பந்தி. சகலை, ஓரகத்தி ஆகியவையும் அத்தகையன. மாமன் மருமகன் உறவோ அவ்வாறன்று. இருமுனையும் உண்டு, ஆனால் பெயர் வேறு, மரியாதை வேறு. கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு வரும் பாதைக்கும், கைப்பேசியிலிருந்து கோபுரத்திற்குச் செல்லும் பாதைக்கும் உள்ள உறவு சம்பந்தி உறவு. சுவரில் மோதி, மரத்தில் சிதறி, கட்டடங்களுக்கு இடையே நுழைந்து அலை எவ்வளவு தேய்ந்து வந்ததோ, அதே அலைவெண்ணில், அதே கணத்தில் எதிர்த்திசையில் அனுப்பினால் அவ்வளவே தேய்ந்து செல்லும். டச்சு இயற்பியலாளர் லோரென்சு 1896ஆம் ஆண்டு நிறுவிய தேற்றம் இது. ஆங்கிலத்தில் இதனை 'ரெசிப்ராசிட்டி' என்பர். இங்கே செய்யும் செயல் பொருளைத் திருப்புவதன்று. அனுப்புநரையும் பெறுநரையும் இடம் மாற்றுவது. அதனால் இதற்கு 'இருவழியொப்பு' என்னும் தனிச்சொல்லை நாம் முன்மொழிகிறோம்.

நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தேற்றத்தின்மேல்தான் ஐந்தாம் தலைமுறையின் மிக முக்கியமான உத்தி நிற்கிறது. தாமஸ் மார்செட்டா என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2010ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார்: கோபுரத்தில் ஒன்றிரண்டு ஆன்டெனாக்களை வைப்பதை விட்டு, மிகப் பலவற்றை வைத்தால் ஒவ்வொரு கைப்பேசியை நோக்கியும் அலையைக் குவித்து அனுப்பலாம். இன்று ஒரே பலகையில் 64 அனுப்பு–பெறு கால்கள் அமைந்திருப்பது வழக்கமாகிவிட்டது. குவிக்க வேண்டுமானால் 64 பாதைகளையும் கோபுரம் அறிந்திருத்தல் வேண்டும். எப்படி அறிவது? கோபுரமே 64 வழிகாட்டிக் குறிகளை அனுப்பி, கைப்பேசி ஒவ்வொன்றையும் அளந்து, 64 விடைகளையும் திருப்பிச் சொல்லலாம். சொல்லி முடிப்பதற்குள் பாதை மாறிவிடும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர், பயனாளர் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே பழைய அளவு பயன்படாது. நெடுஞ்சாலையில் செல்லும் காரில் அதற்குச் சில மில்லிவினாடி போதும்.

இருவழியொப்பு இச்சிக்கலை அவிழ்க்கிறது. கைப்பேசி ஒரே ஒரு குறியை அனுப்புகிறது. 64 கால்களும் அதனை ஒருங்கே கேட்கின்றன. வந்த பாதையே போகும் பாதை. ஆகவே அளவு கையில் வந்துவிட்டது. பத்துக் கைப்பேசி என்றால் பத்துக் குறி. கோபுரத்தில் 64ஐ 256 ஆக உயர்த்தினாலும் அதே பத்துக் குறிதான். செலவு பயனாளர் எண்ணிக்கையைப் பொறுத்ததேயன்றி ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிய சிக்கனம் வேறெங்கும் நாம் காணாதது.

ஆனால் அது இலவசமாக வருவதில்லை. போக்கும் வரவும் ஒரே அலைவெண்ணில், நேரத்தைப் பங்கிட்டு நடத்தல் வேண்டும். நம் நாட்டின் 5ஜி சேவையில் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதி அப்படித்தான் இயங்குகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலோ போக்குக்கு ஓர் அலைவெண், வரவுக்கு வேறோர் அலைவெண். அங்கே ஒப்பு முழுமையாகக் கைகொடுக்காது. மேலும், காற்றுதான் சம்பந்தி, கருவி அன்று. அனுப்பும் சுற்றும் பெறும் சுற்றும் வேறுவேறு உறுப்புகளால் ஆனவை, வெப்பத்தால் வேறுவேறாகப் பிறழ்பவை. அதனால் கோபுரத்தின் கால்கள் தமக்குள் ஒன்றுக்கொன்று குறி அனுப்பிப் பிறழ்ச்சியை அளந்து திருத்திக்கொள்கின்றன. இடையூற்றொலியும் ஒப்புக்கு உட்படாது. கைப்பேசியின் பக்கத்தில் இரைச்சல் மிகுந்திருக்கலாம். கோபுரத்தின் பக்கம் அமைதியாக இருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு சொற்குறை. ஆன்டெனாவைத் தமிழில் 'அலைவாங்கி' என்று எழுதுவோர் உளர். கூரைமேல் நிறுத்திய பழைய தொலைக்காட்சிக் கம்பிக்கு அது பொருந்தும். அது வாங்கியது, கொடுக்கவில்லை. ஆனால் ஓர் ஆன்டெனா எத்திசையில் நன்றாக அனுப்புமோ அத்திசையிலேயே நன்றாகப் பெறும் என்பது இருவழியொப்பின் நேர்விளைவு. 'வாங்கி' என்னும் சொல் அந்த உண்மையில் பாதியை மறைத்துவிடுகிறது. 'அலைக்கொம்பு' என்றால் கொடுத்தல், வாங்கல் இரண்டுக்கும் இடம் இருக்கும். வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவது எளிதன்று என்பதை அறிவோம். இருப்பினும் பாடநூல் எழுதுவோர் கருத்தில் கொள்ளலாம்.

மூன்றாவது பொருள் எளியது. பயனாளர் பெறுவது மிகுதி, அனுப்புவது குறைவு. ஆகவே நேரத்தைப் பங்கிடும்போது ஐந்து கூறுகளில் மூன்றைப் பெறுதலுக்கும், ஒன்றைக் கலப்புக்கும், ஒன்றை மட்டும் அனுப்புதலுக்கும் ஒதுக்குவது பரவலான முறை. இதனையும் ஆங்கிலத்தில் சமச்சீரற்ற பங்கீடு என்னும் பொருள்படவே சொல்கின்றனர். தமிழில் இதற்குச் 'சமமில் பங்கு' போதும். தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த 'சமச்சீர்க் கல்வி' என்னும் பெயரில் சமச்சீர் என்பது 'எல்லார்க்கும் ஒரே தரம்' என்னும் பொருளைப் பெற்றது. கோடு வரைந்து மடிக்கும் பொருள் அங்கே இல்லை. சொல் ஏற்கெனவே இரு சுமை சுமக்கிறது.

மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் என்னாகும் என்று எழுதிப் பாருங்கள்: '3.5 கிகாஹெர்ட்ஸில் பாதை சமச்சீரானது; அங்கே பங்கீடு சமச்சீரற்றது; அதில் செல்லும் புள்ளிக்கோலம் சமச்சீரானது.' படிக்கும் மாணவர், பாதை சமச்சீர் என்றால் பதிவேற்றமும் பதிவிறக்கமும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டுமே என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். பிழை சொல்லில் இருக்கிறது. 'பாதைக்கு இருவழியொப்பு உண்டு, பங்கு சமமில்லை, கோலம் சமச்சீரானது' என்று எழுதினால் அந்த ஐயம் பிறக்கவே பிறக்காது.

அடுத்த தலைமுறைக்குரிய சில முயற்சிகளில் இருவழியொப்பை வேண்டுமென்றே முறிக்கின்றனர். ஒரே நேரத்தில், ஒரே அலைவெண்ணில், அனுப்பவும் பெறவும் இயலுமானால் அலைவெண்ணின் பயன் ஏறத்தாழ இரட்டிக்கும். தடையாவது நம் குரலே நம் காதை அடைப்பது. தான் அனுப்பும் அலை, தொலைவிலிருந்து தன்னை வந்தடையும் அலையைவிட ஆயிரம் கோடி மடங்கு வலிமையாக இருக்கக்கூடும். அனுப்பும் சுற்றிலிருந்து அலைக்கொம்புக்கும், அலைக்கொம்பிலிருந்து பெறும் சுற்றுக்கும் மட்டும் வழிவிட்டு, அனுப்பும் சுற்றிலிருந்து நேரே பெறும் சுற்றுக்கு வழிவிடாத ஒரு சந்தி தேவை. நம் ஊர்ச் சாலை வட்டத்தைப் போன்றது அது. எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், எதிரே திரும்ப இயலாது. பெர்ரைட் என்னும் பொருளையும் காந்தத்தையும் கொண்டு இதனை நெடுங்காலமாகச் செய்துவருகின்றனர். காந்தம் பருமனானது, கைப்பேசிச் சில்லில் அடங்காது. அதனால் சுற்றின் பண்பையே நேரத்திற்கேற்ப விரைந்து மாற்றி, காந்தமின்றி அவ்விளைவைப் பெறும் வழிகளைக் கடந்த பத்தாண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் செய்துகாட்டின. இத்தகைய பண்பை 'ஒருவழிமை' எனலாம். 'சமச்சீரின்மை' என்றால் பொருள் விளங்காது.

இறுதியாக, செயற்கை நுண்ணறிவு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2030ஐ நோக்கிய ஆறாம் தலைமுறைச் சட்டகத்தை 2023ஆம் ஆண்டு ஏற்றது. அதில் நுண்ணறிவுக்கும் இடம் உண்டு. பத்துப் பயனாளர்க்கு ஆற்றலைப் பங்கிடும் வேலையை ஒரு நரம்பணி வலைக்குக் கற்பிப்பதாகக் கொள்வோம். பயனாளர்களை எந்த வரிசையில் எழுதினாலும் ஒவ்வொருவர்க்கும் அதே பங்கு கிடைத்தல் வேண்டும். பத்துப் பேரை வரிசைப்படுத்தும் முறைகள் 3,628,800. வரிசை பொருட்டன்று என்பதை அறியாத வலை ஒவ்வொரு வரிசையையும் புதிதெனக் கருதிப் பயில வேண்டியிருக்கும். அமைப்பிலேயே அச்சமச்சீரைக் கட்டிவிட்டால் ஒரு வரிசை எல்லா வரிசைக்கும் சான்றாகும்.

இதனை விளக்கத் தமிழைவிடத் தக்க மொழி அரிது. 'கண்ணன் வள்ளியை அழைத்தான்', 'வள்ளியைக் கண்ணன் அழைத்தான்'. வரிசை மாறியது, அழுத்தம் சற்று மாறியிருக்கலாம், அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் மாறவில்லை. வள்ளி எங்கே போனாலும் ஐ உருபு உடன் போகிறது. பயனாளர் எந்த இடத்திற்குப் போனாலும் அவர்க்குரிய பங்கு உடன் போவதும் இதுவே. உருபற்ற மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர்களை இடம் மாற்றினால் அழைத்தவர் மாறிவிடுவார். மும்மொழியும் அறிந்த நம் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் மூன்று வாக்கியங்களால் காட்டிவிடலாம்; அதன்பின் வலையைப் பற்றிச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சமச்சீர், இருவழியொப்பு, சமமில் பங்கு, ஒருவழிமை, வழிகாட்டிக் குறி, புள்ளிக்கோலம், அலைக்கொம்பு ஆகிய ஏழு சொற்களையும் இனி உங்கள் முன் வைக்கிறோம். இவற்றுள் எது வகுப்பறையில் நாவில் ஏறாது, எதற்கு இதனினும் பழகிய சொல் உங்களிடம் உண்டு என்பதைக் கேட்க விழைகிறோம்.